தொட்டிக்கு அடியிலேயே தண்ணீர்ப் பஞ்சம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் உச்சி மாடி வீட்டை வாங்கியவர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கேட்டே தீரும் கேள்வி இது. தண்ணீர்த் தொட்டி எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. குளியலறைக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தளம், அவ்வளவுதான். ஆனாலும் ஷவரைத் திறந்தால் நூல் நூலாக ஒழுகுகிறது. தரைத்தளத்து வீட்டிலோ குழாயைத் திருகினால் வாளியே ஆடுகிறது. அது எப்படி?

கால்வாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் விசித்திரமாகப்படும். அங்கே தலைமடைக்காரருக்குத்தான் முதல் தண்ணீர். கடைமடைக்காரர் வானத்தையும் அதிகாரிகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். கட்டடத்துக்குள் மட்டும் கடைமடை செழித்துத் தலைமடை காய்கிறது.

பிளம்பரைக் கூப்பிட்டால், “பிரஷர் பத்தல சார், ஒரு பம்ப் போட்டுருங்க” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் பிரஷர் ஏன் பத்தவில்லை என்று தெரிந்துகொண்டால், பல வீடுகளில் அந்தப் பம்புக்கு வேலையே இருக்காது.

கொத்தனாரின் டியூப்

வீடு கட்டுகிற இடத்தில் மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கொத்தனார் ஒரு தூணில் வைத்துப் பிடிப்பார். மறுமுனையைச் சித்தாள் எதிர்த் தூணுக்குக் கொண்டுபோவார். நடுவில் டியூப் எப்படிச் சுருண்டு கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். லேசர் கருவிகள் வந்த பிறகும் இந்த டியூபைக் கைவிடாத கொத்தனார்கள் ஏராளம்.

அதே டியூபை உச்சி மாடிக் குளியலறைக் குழாயில் இறுக்கமாகச் செருகுங்கள். மறுமுனையை ஜன்னல் வழியே வெளியே எடுத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தொட்டியின் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது கீழே ஒருவர் குழாயைத் திறக்கட்டும். தண்ணீர் டியூபுக்குள் ஏறி வரும். கட்டடத்தில் வேறு யாரும் குழாயைத் திறக்காத நேரமாக இருந்தால், தொட்டிக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதே மட்டத்தில் டியூபிலும் வந்து நிற்கும். மூடியைத் திறக்காமலேயே தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அதற்குமேல் ஒரு விரற்கடைகூட ஏறாது. தொட்டியின் நீர்மட்டத்துக்கும் உங்கள் குழாய் வாய்க்கும் நடுவே இருக்கும் செங்குத்தான உயரம் எவ்வளவோ, அதுதான் உங்கள் குழாய்க்குக் கிடைக்கும் மொத்த பலம். இதை ‘நீருயரம்’ என்று வைத்துக்கொள்வோம். பம்பு விற்பவர்கள் ‘ஹெட்’ என்று சொல்வதும் இதைத்தான். பத்து மீட்டர் நீருயரம் இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ எடை உட்கார்ந்ததற்குச் சமமான அழுத்தம் கிடைக்கும். அழுத்த அலகில் ஏறக்குறைய ஒரு பார். தண்ணீர் எத்தனை அடி குழாயில் ஓடி வந்தது என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தூரம் பிறகு வரும், வேறொரு வேடத்தில்.

ஒரு கட்டடத்தின் கணக்கு

நம் ஊர்களில் எங்கும் காணக்கூடிய ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தரைத்தளமும் மேலே நான்கு மாடிகளும். மாடிக்கு மூன்று மீட்டர். மொட்டை மாடி தரையிலிருந்து 15 மீட்டரில் இருக்கிறது. அதன்மேல் ஒரு மீட்டர் உயரத்தில் மேடை கட்டித் தொட்டியை வைத்திருக்கிறார்கள். ஆகவே தொட்டியின் அடி 16 மீட்டரில். தொட்டிக்குள் நிறைந்தால் ஒன்றரை மீட்டர் தண்ணீர் நிற்கும்; அப்போது நீர்மட்டம் 17.5 மீட்டர்.

ஷவர் தலை தளத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். நான்காம் மாடியின் தளம் 12 மீட்டர், ஷவர் 14 மீட்டர். ஆக நீருயரம் 17.5 கழித்தல் 14, அதாவது மூன்றரை மீட்டர். தரைத்தளத்து ஷவர் இரண்டு மீட்டரில் இருக்கிறது. அதற்குப் பதினைந்தரை மீட்டர். புதிர் இங்கேயே பாதி அவிழ்ந்துவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் உச்சி வீட்டின் குறை. தண்ணீர் விழுந்து பலம் சேர்க்க அங்கே இடமே இல்லை.

நீருயரம் நாலரை மடங்கு அதிகம் என்பதால் கீழ்வீட்டில் தண்ணீரும் நாலரை மடங்கு கொட்டாது. ஒரே மாதிரி ஷவர், ஒரே மாதிரி குழாய் என்று வைத்தால், நீருயரம் நான்கு மடங்கானால் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்; ஒன்பது மடங்கானால் மூன்று மடங்கு. ஆகவே கீழ்வீட்டுக்காரர் ஒரு வாளி நிரப்பும் நேரத்தில் மேல்வீட்டுக்காரருக்கு அரை வாளி.

சாயங்காலம் ஆகட்டும். மோட்டார் போட மறந்துவிட்டார்கள். தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் மிச்சம், 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நீர்மட்டம் 16.2 மீட்டருக்கு இறங்கிவிட்டது. தரைத்தளத்து நீருயரம் 15.5-இலிருந்து 14.2 ஆகியிருக்கிறது, அவருக்கு வித்தியாசமே தெரியாது. நான்காம் மாடியில் 3.5-இலிருந்து 2.2, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. “காலையில் நல்லா வந்துச்சே” என்று மேல்வீட்டுக்காரர் சொன்னால், குடியிருப்போர் கூட்டத்தில் அவரைப் புகார்ப் பெட்டி என்று நினைக்கிறார்கள். அவர் சொல்வது முழு உண்மை.

வாஷிங் மெஷின் கையேட்டில் குறைந்தபட்ச நீர் அழுத்தம் என்று ஒரு வரி இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும். 0.3 பார் என்று போட்டிருந்தால் மூன்று மீட்டர் நீருயரம் வேண்டும் என்று அர்த்தம். நம் மேல்வீட்டில் காலையில் மெஷின் சரியாக ஓடிவிட்டுச் சாயங்காலம் பிழைக்குறி காட்டி நிற்பதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பயனில்லை.

பெரிய தொட்டி வாங்கினால்?

ஆயிரம் லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு ஐயாயிரம் லிட்டர் வைத்தால் தண்ணீர் அழுத்திக்கொண்டு வரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. மேலே ஐந்து டன் எடை உட்கார்ந்திருக்கிறதே, அழுத்தாமல் இருக்குமா?

இருக்கும். நெதர்லாந்தில் பணியாற்றிய சைமன் ஸ்டெவின் 1586-இலேயே இதை எழுதிவிட்டார். பாத்திரத்தின் அடியில் ஓரிடத்தில் உள்ள அழுத்தத்தை, அதற்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரம் மட்டுமே தீர்மானிக்கிறது. பாத்திரம் அகலமா குறுகலா என்பது பொருட்டில்லை. பிளெய்ஸ் பாஸ்கல் இதை இன்னும் விரிவாக விளக்கினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல், அந்த நூல் அச்சேறியது. விரல் பருமன் குழாயில் நிற்கும் மூன்று மீட்டர் தண்ணீரும், மூன்று மீட்டர் ஆழக் குளமும் அடியில் ஒரே அழுத்தத்தைத்தான் தருகின்றன. அகலத் தொட்டியின் மிச்ச எடையையெல்லாம் தொட்டியின் தரையும் அதைத் தாங்கும் கான்கிரீட்டும் சுமக்கின்றன. உங்கள் ஷவருக்கு அதில் பங்கில்லை.

அகலத் தொட்டியால் ஒரே ஒரு நன்மை. அதே அளவு தண்ணீரைச் செலவழித்தால் மட்டம் மெதுவாக இறங்கும். உச்சி மாடியில் இருப்பவருக்கு ஒல்லியான உயரத் தொட்டியைவிடக் குள்ளமான அகலத் தொட்டி இந்த வகையில் உத்தமம்.

உரசல் தின்றுவிடும் மீதி

இதுவரை சொன்ன நீருயரம் முழுவதும் குழாய் மூடியிருக்கும்போது உங்களுடையது. திறந்ததும் தண்ணீர் ஓடத் தொடங்கும். ஓடும் தண்ணீர் குழாய்ச் சுவரில் உரசும். ஒவ்வொரு எல்போவிலும் திரும்பி மோதும். பாதி திறந்த கேட் வால்வில் நெருக்கியடித்து நுழையும். இதெல்லாம் நீருயரத்திலிருந்துதான் கழிகிறது. உரசல் இழப்பு என்போம். தூரம் இங்கேதான் கணக்கில் நுழைகிறது.

இதில் கொடுமையானது குழாயின் விட்டம். ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது, விட்டத்தைப் பாதியாக்கினால் உரசல் இழப்பு இரண்டு மடங்காகும் என்று தோன்றும். உண்மையில் ஏறக்குறைய முப்பத்திரண்டு மடங்கு. ஓர் இஞ்சுக் குழாய் போட வேண்டிய இடத்தில் முக்கால் இஞ்சு போட்டால் நான்கு மடங்கு. முக்காலுக்குப் பதில் அரை இஞ்சு போட்டால் ஏழு மடங்குக்கு மேல். கட்டும்போது மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்தவர்கள், பிறகு அதில் குடியிருப்பவர்களைக் காலம் முழுவதும் வாளியோடு காத்திருக்க வைக்கிறார்கள். பழைய இரும்புக் குழாய்களில் உள்பக்கம் துரு கட்டியாகப் படிந்து துளை சுருங்கிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் முக்கால் இஞ்சுதான், உள்ளே ஒரு பென்சில்தான் நுழையும்.

நம் கட்டடத்தில் தொட்டியிலிருந்து ஒரே குழாய் இறங்கி, மாடிக்கு மாடி கிளை பிரிகிறது என்று வைப்போம். நான்காம் மாடிக் கிளை வரை உள்ள பொதுக் குழாயில், மேல்வீட்டு ஷவர் மட்டும் ஓடினால் அரை மீட்டர் இழப்பு. மூன்றரையில் அரை போனால் மூன்று, பரவாயில்லை. இப்போது கீழே ஒருவர் அதே அளவு தண்ணீரைத் திறக்கிறார். பொதுக் குழாயில் ஓட்டம் இரட்டிக்கிறது. இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு, இரண்டு மீட்டர். மேல்வீட்டுக்கு மிச்சம் ஒன்றரை. கீழே இன்னும் இரண்டு பேர் திறந்தால், கீழுள்ள மூவரின் ஓட்டத்துக்கு மட்டுமே இழப்பு ஒன்பது மடங்கு, நாலரை மீட்டர். கையில் இருப்பதே மூன்றரை!

அப்புறம் என்ன நடக்கும்? மேல்வீட்டு ஷவரில் தண்ணீர் நிற்பதோடு விடாது. கிளைக் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுவதால், ஷவர் காற்றை உள்ளே இழுக்கும். குழாய் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சுவது தெரியும். பேய் என்று பயப்பட வேண்டாம். கீழே மூன்று பேர் குளிக்கிறார்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்று. அந்த நேரத்தில் மேல்வீட்டில் ஹெல்த் ஃபாசெட்டோ ரப்பர் டியூபோ அழுக்கு வாளித் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்து, அதன் குழாயும் திறந்திருந்தால், அந்த அழுக்குத் தண்ணீர் பொதுக் குழாய்க்குள் இழுக்கப்பட்டுக் கீழ்வீட்டுச் சமையலறைக்குப் போகும். வாஷ்பேசினில் குழாய் வாய் எப்போதும் பேசின் விளிம்புக்கு மேலேயே இருக்கும்படி வடிவமைப்பது அழகுக்காக அல்ல. நடுவில் காற்று இருந்தால் அழுக்கு ஏற முடியாது.

குழாய்க்குள் மாட்டிய காற்று

தொட்டியைக் கழுவி மறுபடி நிரப்பிய அன்று, எல்லா வீட்டுக் குழாயும் கொஞ்ச நேரம் இருமித் துப்பும். கீழ் மாடிகளில் சில நிமிடங்களில் சரியாகிவிடும். உச்சி மாடியில் மட்டும் ஒரு குழாய் மௌனமாகிவிடும். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், வால்வு திறந்திருக்கும், சொட்டு வராது. ‘ஏர் லாக்’ என்பார்கள்.

குழாய் எங்காவது மேலே ஏறி வளைந்து இறங்கினால் அந்த வளைவின் உச்சியில் காற்று தங்கும். கழிவறைப் பரண்மேல் ஏறி கெய்சருக்கு இறங்கும் குழாய் நல்ல உதாரணம். இறங்கும் பக்கத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று நிற்பதால், அந்த இறக்கத்தின் உயரம் நீருயரக் கணக்கில் சேராது. இரண்டு மீட்டர் இறக்கத்தில் காற்று நின்றால் இரண்டு மீட்டர் நஷ்டம். பதினைந்தரை மீட்டர் வைத்திருப்பவர் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். 2.2 மீட்டர் வைத்திருப்பவர் என்ன செய்வார்? கொத்தனார் டியூபில் ஒரு குமிழி இருந்தாலும் ‘மட்டம் பொய் சொல்லும்’ என்று தட்டித் தட்டி வெளியேற்றுவது இதனால்தான்.

மொட்டை மாடியில் தொட்டியின் வெளிவால்வுக்கு அடுத்து, ஒரு குழாய் தொட்டியைவிட உயரமாக எழுந்து, கைத்தடிப் பிடி போல வளைந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். எதற்கென்று தெரியாமல் பலர் அதை மூடிபோட்டு அடைத்துவிடுகிறார்கள். அதுதான் காற்றுக் குழாய். மாட்டிக்கொண்ட காற்று அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. குழாய்க்குள் உறிஞ்சல் உண்டானால் முதலில் காற்று நுழைவதும் அதன் வழியாகத்தான். அதன் வாயில் கொசுவலை கட்டலாம். அடைக்கக் கூடாது.

பம்புக்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஷவர் தலையைக் கழற்றி உப்புப் படிவத்தைச் சுரண்டுவது, வடிகட்டி வலையைக் கழுவுவது, மொட்டை மாடி கேட் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது: இவற்றுக்குச் செலவே இல்லை. கேட் வால்வின் உள்தகடு தண்டிலிருந்து கழன்று கீழேயே உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அப்போது சக்கரம் சுற்றும், வால்வு திறக்காது.

அடுத்தது தொட்டியின் இடம். பல கட்டடங்களில் படிக்கட்டு மொட்டை மாடிக்கு ஏறும் இடத்தில் ஓர் அறை இருக்கும், ஹெட்ரூம் என்பார்கள். நம் கட்டடத்தில் தொட்டியை மேடையிலிருந்து எடுத்து ஹெட்ரூம் கூரைக்கு ஏற்றினால் அடிமட்டம் 2.2 மீட்டர் உயரும் என்று வைப்போம். சாயங்காலம் 2.2 மீட்டரில் தவித்த மேல்வீட்டுக்கு அதே நேரம் 4.4 மீட்டர். இரட்டிப்பு. தரைத்தளத்துக்கு இது பெரிதாகத் தெரியாது. சோலார் ஹீட்டர் பொருத்த வருபவர் ‘குளிர்தண்ணித் தொட்டியைத் தூக்குங்க’ என்று கேட்பதும் இதே காரணத்துக்காக. ஆனால் ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். அந்தக் கூரை தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே ஏற்ற வேண்டும்.

மூன்றாவது, உச்சி மாடிக்கென்று தொட்டியிலிருந்தே தனிக் குழாய். கீழே எத்தனை பேர் குளித்தாலும் அந்த உரசல் இழப்பில் மேல்வீட்டுக்குப் பங்கில்லை. என்னைக் கேட்டால், புதிதாகக் கட்டுபவர்கள் விவாதமே இல்லாமல் செய்ய வேண்டியது இதுதான்.

இவற்றுக்குப் பிறகும் போதவில்லை என்றால் பிரஷர் பம்பு. அதைப் பொதுக் குழாயின் கிளையில் பொருத்தினால் பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சும். அக்கம்பக்கச் சண்டைக்கு அச்சாரம். தனிக் குழாயில், மின்சாரம் போனால் தண்ணீர் பம்பைச் சுற்றிக்கொண்டு போக மாற்று வழியோடு பொருத்த வேண்டும். பெரிய குடியிருப்புகளில் ஹைட்ரோ நியூமாட்டிக் என்ற ஏற்பாடு வைக்கிறார்கள். ஒரு மூடிய கலத்தில் அமுக்கிய காற்று மெத்தைபோல இருந்து தண்ணீரைத் தள்ளும். காற்று தளர்ந்தால் பம்பு தானே ஓடி மறுபடி அமுக்கும். எல்லா மாடிக்கும் ஒரே வீரியம். கரண்ட்டும் ஜெனரேட்டரும் ஒருசேரக் கைவிட்டால் எல்லா மாடிக்கும் ஒரே வறட்சி.

உறிஞ்சுவதற்கும் எல்லை உண்டு

இவ்வளவு நேரம் தண்ணீரை இறக்கினோம். அது மேலே ஏறியது எப்படி?

நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் இருந்து மோட்டார் தண்ணீரை ‘இழுக்கிறது’ என்கிறோம். இழுப்பது மோட்டார் அல்ல. மோட்டார் தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. சம்ப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றுமண்டலம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. காற்றால் எவ்வளவு உயரம்வரை தள்ள முடியும்? உறிஞ்சும் பம்பு சுமார் பத்து மீட்டருக்குமேல் தண்ணீரை ஏற்றுவதில்லை என்ற விஷயத்தை கலிலியோ 1638-இல் வெளிவந்த தன் நூலில் பதிவு செய்தார்; காரணத்தை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காற்றின் எடைதான் காரணம் என்று காட்டினார். கடல்மட்டத்தில் அந்த எல்லை 10.3 மீட்டர். உரசல் இழப்பையெல்லாம் கழித்தால் ஆறேழு மீட்டர்தான் நடைமுறை. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்று மெலிந்திருப்பதால் ஏட்டளவிலேயே எல்லை எட்டு மீட்டருக்குச் சுருங்கிவிடும்.

நூறடிக் கீழே தண்ணீர் கிடக்கும் போர்வெல்லில் மேலே உட்கார்ந்து உறிஞ்சும் மோட்டார் எவ்வளவு குதிரைத்திறன் கொண்டதாக இருந்தாலும் உதவாது. அதனால்தான் சப்மெர்சிபிள் மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிடுகிறோம். கீழிருந்து தள்ளுவதற்குக் காற்று விதித்த எல்லை கிடையாது. கம்ப்ரஷர் வைத்த போர்வெல்களில் இன்னொரு தந்திரம். காற்றை அடியில் செலுத்தி, குமிழியும் தண்ணீருமாகக் கலந்து லேசாக்கிவிட்டால், சுற்றியுள்ள கனத்த தண்ணீர் அதை மேலே உந்திவிடும்.

வாரக்கணக்கில் ஓடாத மோட்டாரைப் போட்டதும் வெறும் சத்தம் மட்டும் வந்தால், “ஏர் புடிச்சிருக்கு, தண்ணி ஊத்துங்க” என்பார்கள். உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு கசிந்து, குழாய் காலியாகிவிட்டது. தண்ணீரைச் சுழற்றப் பிறந்த சக்கரம் காற்றைச் சுழற்றினால் போதிய அழுத்தக்குறைவு உண்டாகாது. அப்படியே ஓடவிட்டால் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்து கருகும்.

ஏற்றும் செலவும் சூடாக்கும் செலவும்

நம் கட்டடத்தில் மாடிக்கு இரண்டு வீடு, மொத்தம் பத்து. வீட்டுக்கு நான்கு பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டுக் கட்டட நெறிமுறைகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. ஆக 5,400 லிட்டர். சம்ப்பின் அடியிலிருந்து தொட்டியின் வாய்வரை 20 மீட்டர் ஏற்ற வேண்டும்.

ஒரு சொட்டுச் சக்தியும் வீணாகாவிட்டால் இதற்கு 0.3 யூனிட் மின்சாரம் போதும். சிறிய மோட்டார்-பம்பு ஜோடிகள் வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீரிடம் சேர்த்தாலே பெரிய விஷயம். ஆகவே ஏறக்குறைய ஒரு யூனிட். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் நாற்பது பேருக்கு ஒருநாள் தண்ணீர் மேலே போய்விடும்.

இதை ஒரு கெய்சரோடு ஒப்பிட்டால்தான் அதிர்ச்சி. 15 லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 55 பாகைக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். இரண்டு கெய்சர் வெந்நீரும் நாற்பது பேரின் ஒருநாள் தண்ணீரும் மின்கட்டணத்தில் ஏறக்குறைய சமம்! 1840-களில் ஜேம்ஸ் ஜூல், தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழலவிட்டு அளந்து அளந்து கண்டது இந்த விகிதத்தைத்தான். ஒரு கிலோ தண்ணீரை ஒரே ஒரு பாகை சூடாக்க ஆகும் சக்தியைக் கொண்டு அதே தண்ணீரை சுமார் 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம். மோட்டார் செலவைப் பற்றிக் குடியிருப்போர் கூட்டத்தில் நடக்கும் வாக்குவாதங்களின் நேரத்தில் பாதியைக் கெய்சருக்கு ஒதுக்கலாம்.

மேல்நிலைத் தொட்டி, பார்க்கப்போனால், மின்சாரத்தை உயரமாக மாற்றிச் சேமிக்கும் பெட்டி. இதையே பெரிய அளவில் செய்கிறார்கள் கடம்பாறையில். தமிழ்நாட்டின் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் அது. தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி வைத்து, தேவை மிகும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள்.

உயரம் அதிகமானால் அதுவும் தொல்லை

சென்னை அண்ணா சாலையில் 1959-இல் எழுந்த எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி உயரம். சுமார் 54 மீட்டர். அந்த உச்சியில் ஒரு தொட்டி வைத்து ஒரே குழாயை அடிவரை இறக்கினால் கீழ்த்தளத்தில் அழுத்தம் ஐந்தரைப் பார் ஆகும். இன்றைய நாற்பது மாடிக் கோபுரத்தில் பன்னிரண்டு பார். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் பேசினில் பட்டு முகத்தில் தெறிக்கும். வாஷர்கள் சீக்கிரம் கிழியும். வாஷிங் மெஷின் வால்வு சட்டென மூடும்போது, ஓடிவந்த தண்ணீர் முட்டி நின்று சுவருக்குள் சம்மட்டி அடித்ததுபோல் ஒலிக்கும்.

அதனால் உயரமான கட்டடங்களை, தண்ணீரைப் பொறுத்தவரை, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய பல சிறு கட்டடங்களாக நடத்துகிறார்கள். பத்துப் பன்னிரண்டு மாடிக்கு ஒரு மண்டலம். ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைத்தொட்டி வைப்பது ஒரு முறை. இறங்கும் குழாயில் அழுத்தக் குறைப்பு வால்வு பொருத்துவது மற்றொன்று. அந்த வால்வுக்குள் ஒரு சுருள்வில்லும் ரப்பர் தகடும் இருக்கும். அழுத்தம் கூடினால் தகடு வில்லை அமுக்கித் துளையைச் சுருக்கும். ஒவ்வொரு மண்டலத்திலும் உச்சி மாடிக்காரர் ஒருவர் இருப்பார் என்பதை மறக்க வேண்டாம். அவர் பாடு பழைய பாடுதான்.

படிக்கட்டோரச் சிவப்புக் குழாய்

அடுக்குமாடிகளில் படிக்கட்டை ஒட்டி ஒரு சிவப்புக் குழாய் மேலிருந்து கீழ்வரை ஓடும். மாடிக்கு மாடி கனத்த வால்வும், பெட்டிக்குள் சுற்றி வைத்த ஹோஸும் இருக்கும். தீயணைப்புக்கானது. சில கட்டடங்களில் இது கீழே உள்ள பெரிய பம்போடு சேர்ந்திருக்கும். நடுத்தர உயரக் கட்டடங்கள் பலவற்றில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும். இரண்டாவது வகையில் நம் புதிர் மறுபடி தலைகாட்டுகிறது, இம்முறை உயிர்ப் பிரச்சினையாக. தேசியக் கட்டட நெறிமுறை இந்த வால்வுகளில் குளியலறைக் குழாயைவிடப் பல மடங்கு அழுத்தம் கேட்கிறது. உச்சி மாடியில் தொட்டி தருவது மூன்று மீட்டர். ஹோஸைப் பிடித்தால் செடிக்கு ஊற்றலாம்.

மீதியை மொட்டை மாடியில் ஒரு பம்பு கொடுக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் சிவப்புச் சாயம் பூசி நிற்கும் மோட்டார் அதற்குத்தான். தீப்பிடித்தால் எல்லோரும் முதலில் ஓடிப்போய்ச் செய்வது கட்டடத்தின் மெயின் சுவிட்சை அணைப்பது, அதுதான் சரியும்கூட. ஆகவே இந்தப் பம்புக்கான மின்கம்பி மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே பிரிந்து, தீ எளிதில் தொடாத தனி வழியில் மேலே ஏற வேண்டும். கட்டி முடித்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மின்பலகையை மாற்றுகிறவர்கள், ‘இது எதுக்குத் தனியா’ என்று அந்தக் கம்பியையும் மற்றவற்றோடு மெயினுக்குப் பின்னால் கோத்துவிடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மெயினை அணைத்துவிட்டு, உச்சி மாடி வால்வில் ஹோஸை மாட்டித் திறந்து பார்ப்பது.